மீட்டர் 180 காட்டுதா? இன்வெர்ட்டரைத் திட்டாதீங்க!

ராமேஸ்வரத்தில் ஒரு மழை நாள் என்று வைத்துக்கொள்வோம். கரன்ட் போய், விலை குறைந்த இன்வெர்ட்டரில் வீடு ஓடுகிறது. எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்தால் 180 வோல்ட்! "வோல்டேஜ் கம்மியா வருது, மிஷினை மாத்திடுங்க" என்கிறார். அவசரப்பட வேண்டாம், பொய் சொல்வது மீட்டராக இருக்கலாம்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்கிறோமே, அது என்ன கணக்கு? அந்த அலை நொடிக்கு 50 முறை மேலே 325 வோல்ட்டுக்கும் கீழே மைனஸ் 325-க்கும் போய் வருகிறது. நேராகச் சராசரி எடுத்தால் பூஜ்ஜியம்தான். பூஜ்ஜிய வோல்ட்டில் மாவு அரைபடுமா? ஹீட்டரில் உண்டாகும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு கணத்தின் வோல்டேஜையும் வர்க்கமாக்கி, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுக்கிறார்கள். 230 வருகிறது. இதுதான் ஆர்.எம்.எஸ்.

இதே மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் பேனல்கள் தருவது டி.சி. மாறாத டி.சி.யில் சராசரியும் ஆர்.எம்.எஸ்.ஸும் ஒன்றுதான். அலையாக மாறிய பிறகுதான் இந்தத் தலைவலியெல்லாம்.

மலிவான மீட்டர் வர்க்கம் கிர்க்கம் எதுவும் போடாது. மைனஸ் பக்கத்தை மேலே திருப்பி, சராசரி 207 எடுத்து, 1.11-ஆல் பெருக்கி 230 என்று காட்டிவிடும். சைன் அலைக்கு இது சரி. ஆனால் விலை குறைந்த பல இன்வெர்ட்டர்கள் தருவது படிக்கட்டு அலை. உதாரணத்துக்கு, பாதி நேரம் 325 (ஒரு முறை பிளஸ், மறுமுறை மைனஸ்), மீதி நேரம் பூஜ்ஜியம். சராசரி 162.5, 1.11-ஆல் பெருக்கினால் 180! உண்மையான கணக்கு வேறு: 325-இன் வர்க்கம் 1,05,625. அதில் பாதி, சுமார் 52,800. வர்க்கமூலம் 230.

அதற்காக அந்த இன்வெர்ட்டர் உசத்தி என்றில்லை. ஆர்.எம்.எஸ். சரியாக இருந்தாலும் படிக்கட்டு அலையில் ஃபேன் உறுமும், மோட்டார் கூடுதலாகச் சூடாகும். எனவே பெட்டியில் '230 வோல்ட்' என்று மட்டும் அச்சடித்து விற்பது பாதி உண்மைதான். அலை எந்த வடிவம் என்பதையும் தமிழில், பெரிய எழுத்தில் போட வேண்டும். வாங்குபவரும் கேட்க வேண்டும்.

மிஷினை மாற்றச் சொல்லும் எலெக்ட்ரீஷியனிடம் இன்னொரு கேள்வி: "அண்ணே, உங்க மீட்டர் ட்ரூ ஆர்.எம்.எஸ்.ஸா?"