நாற்காலிக்கும் காலாவதித் தேதி வேண்டும்

கடைக்கு வரும் பால்மா பக்கற்றிலும் பிஸ்கட்டிலும் நாம் முதலில் பார்ப்பது காலாவதித் தேதியைத்தான். தேதி போன சரக்கை இறாக்கையில் வைத்திருந்தால் தண்டம் கட்ட வேண்டிவரும். ஆனால் நாம் சந்தா கட்டும் சங்கங்களின் பதவிகளுக்குத் தேதி உண்டா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

சர்வதேச உதைபந்தாட்ட சம்மேளனமான பீபாவின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1904இல் தொடங்கிய அந்த அமைப்பின் 120 வருடங்களுக்கு மேற்பட்ட வரலாற்றில் 74 வருடங்கள் மூன்று பேரின் கையில் இருந்தன. ஜூல்ஸ் ரிமே 33 வருடம், ஹவலாஞ்ச் 24 வருடம், பிளாட்டர் 17 வருடம். கையூட்டு வாங்கியதாக விசாரணை அறிக்கை கூறியதைத் தொடர்ந்து ஹவலாஞ்ச் 2013இல் கௌரவத் தலைவர் பதவியையும் துறந்தார். 2015இல் பிளாட்டருக்குத் தடை வந்தது. பின்னர் சுவிஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தாலும், போன பெயர் போனதுதான்.

'நம்மவர்' என்ற பாசமும் கணக்கை மறைத்துவிடக் கூடாது. 2002 முதல் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த கட்டார் நாட்டு முஹம்மத் பின் ஹம்மாம் மீது 2011இல் லஞ்சக் குற்றச்சாட்டு எழுந்தது. ஆதாரம் போதாது என்று மேன்முறையீட்டில் தப்பினார். ஆனால் கூட்டமைப்பின் கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்த பிறகு, 2012 டிசம்பரில் அவருக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. 2013இல் பீபா செயற்குழுவில் இருந்த இலங்கையர் மனிலால் பெர்னாண்டோவுக்கும் அதே கதி நேர்ந்தது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2023 ஜனவரியில், நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று கூறி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. அந்த வருடத் தெற்காசியக் கிண்ணப் போட்டியில் நமது அணி ஆட முடியவில்லை. ஆகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. செப்டம்பரில் நடந்த தேர்தலில் ஜஸ்வர் உமர் தலைவராகத் தெரிவானார். தலைமன்னார் மணலில் பந்து உதைக்கும் பிள்ளைகள் கொழும்பில் நடந்த எந்தச் சண்டையிலும் பங்காளிகள் அல்லர். ஆனாலும் அவர்களின் கனவுக்கும் ஏழு மாதம் கதவு மூடியிருந்தது. நாற்காலிக்காகச் சண்டை போட்டவர்கள் வேறு, நட்டப்பட்டவர்கள் வேறு.

நமது வர்த்தக சங்கமும், மீனவர் கூட்டுறவுச் சங்கமும், பள்ளிவாசல் நிர்வாக சபையும் இப்படித்தான். அங்கே குழப்பம் வந்தால் பெரிய முதலாளி வேறு வழி பார்த்துக்கொள்வார். கருவாட்டு வியாபாரியும் ஒற்றைப் படகுக்காரரும்தான் கடனுதவியின்றி நிற்பார்கள்.

பரிகாரம் மூன்று. ஒன்று, ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது. அதையும் ஓட்டை இல்லாமல் எழுத வேண்டும். பீபா 2016இல் மூன்று தவணை என்று எல்லை வகுத்தது. ஆனால் இன்பான்டினோவின் முதல் மூன்று வருடங்கள் கணக்கில் சேராது என்று 2022இல் தாங்களே தீர்மானித்துக்கொண்டார்கள். இரண்டு, வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம். மூன்று, வருடாந்தம் வெளியார் தணிக்கை செய்த கணக்கு அங்கத்தவர் கையில் கிடைக்க வேண்டும்.

கணக்குக் கேட்பது ஒருவரை அவமதிப்பதாகாது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைத்துச் சாட்சி வைப்பது பற்றியதுதான். பதவி ஓர் அமானிதம். அதை உரிய நாளில், உரிய கணக்கோடு திருப்பிக் கொடுப்பவரே நல்ல தலைவர். அடுத்த பொதுக்கூட்டத்தில் தேநீர் குடித்துவிட்டு எழும்பு முன், இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.