பைலட் படிப்பு: பணம் இருக்கு, தனியா உட்கார்ந்து படிக்க வருமா?

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் "பைலட் ஆகணும்" என்று பிள்ளை சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி: "எவ்வளவு செலவாகும்?"

நியாயமான கேள்விதான். வர்த்தக விமானி உரிமம் வாங்கச் சில லட்சம் ரிங்கிட் வேண்டும். ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும், ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியேறி வாங்கிய வீட்டை அடமானம் வைத்தால்தான் பல குடும்பங்களுக்கு அந்தப் பணம் புரளும். ஆனால் யாரும் விரட்டாமல் பிள்ளை தினமும் படிக்குமா என்று கேட்பவர்கள் குறைவு.

துரிதப் பயிற்சியில் அதுதான் பெரிய கேள்வி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐகாவோ) விதிப்படி, வர்த்தக உரிமத்துக்குப் பொதுவாக 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் 150 மணி நேரம் போதும். சலுகை மாதிரி தெரிகிறது, இல்லையா? தரையில் ஒழுங்காகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் தரப்படும் சலுகை அது.

வானிலை, வழியறிதல், விமானச் சட்டம், பறப்பின் இயற்பியல் என்று பத்துக்கும் மேற்பட்ட தாள்கள். எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறிய மாணவருக்கு இது இன்னொரு தாவல். பாடம் மனதில் நிற்காமல் விமானத்தில் ஏறினால், அதே பயிற்சியை மறுபடி பறக்க வேண்டி வரும். அந்தக் கூடுதல் மணி நேரத்துக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம்.

நம்ம ஊர் டியூஷன் பழக்கம் இங்கே கைகொடுக்காது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட ஆள் இருந்தார். விமானப் பள்ளி விடுதியில் அப்படி யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். மழையால் பறப்பு ரத்தானால், அந்த நாள் தூக்கத்துக்கா புத்தகத்துக்கா என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வித் தொகுப்புகளை மனப்பாடம் செய்து பாஸ் ஆகிறவர்களும் உண்டு. விமான நிறுவன நேர்காணலில் "ஏன்?" என்று கேட்டால் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். 2020 கோவிட் காலத்தில் அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்ததைப் பார்த்தோம். வெறும் உரிமத்தை மட்டும் நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து.

நல்ல மாணவர்கள் செய்வது எளிமையானது. விமானி அறையின் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி ஒவ்வொரு வேலையையும் வாய்விட்டுச் சொல்வார்கள். செஸ்னா 172எஸ் விமானத்தில் என்ஜின் நின்றால்? முதலில் வேகம் 68 நாட், அடுத்து இறங்க ஓர் இடம், பிறகு எரிபொருள் வால்வு. இதை வீட்டு வரவேற்பறையிலேயே நூறு தடவை செய்யலாம், காசு செலவில்லை.

சேருவதற்கு முன்பே உங்களைச் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தின் குறியீடு டபிள்யூ.எம்.கே.ஐ. அதன் வானிலை அறிக்கையான 'மெட்டார்' இணையத்தில் இலவசம். அமெரிக்க விமானத் துறை நிர்வாகத்தின் பைலட் கையேடும் அப்படித்தான். கையேட்டை வைத்து அந்தச் சுருக்கெழுத்தை நீங்களே படித்து, கிந்தா பள்ளத்தாக்கின் மேல் மதியம் திரளும் இடிமேகத்தோடு ஒப்பிட்டு, 30 நாள் எழுதி வையுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். எந்த நாளில் நோட்டு காலியாக நிற்கிறது என்று பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.