சிறை வாசலில் ஒரு கல்லாப்பெட்டி!



2010ஆம் ஆண்டு மே மாதம். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. ஒரு விருந்துக்குப் போய்விட்டு வீடு திரும்பிக் கொண்டிருந்த காலிஃப் பிரவுடர் என்ற 16 வயது கறுப்பினச் சிறுவனைப் போலீஸ் மடக்கியது. முதுகுப் பை ஒன்றைத் திருடிவிட்டான் என்று புகார். அவன் கையில் எந்தப் பையும் இல்லை. இருந்தும் கைது செய்தார்கள். நீதிமன்றம் 3,000 டாலர் ஜாமீன் தொகை கேட்டது. அந்தக் குடும்பத்தால் அதைப் புரட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டான். சில வாரங்கள் கழித்து முறைப்படி குற்றச்சாட்டு பதிவானபோது, பழைய வழக்கு ஒன்றில் அவன் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்ததைக் காட்டி ஜாமீனையே மறுத்துவிட்டார்கள்.

மூன்று ஆண்டுகள் போயின. அதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தனிமைக் கொட்டடி. குற்றத்தை ஒப்புக்கொண்டால் உடனே வீட்டுக்குப் போகலாம் என்று ஆசை காட்டிப் பார்த்தார்கள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல அவன் இசையவில்லை. 2013ல் வழக்கு தள்ளுபடியானது. விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை! வெளியே வந்தவனால் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியவில்லை. 2015 ஜூன் மாதம், 22 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டான்.

எங்கோ அமெரிக்காவில் நடந்ததை நமக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பொறுமையாகப் படியுங்கள். கதை நம் தெருவுக்குத்தான் வந்து சேரப் போகிறது.

அமெரிக்காவில் தண்டனை பெற்றவர்களை அடைக்கும் பெரிய சிறைகள் வேறு, கவுண்டி சிறைகள் வேறு. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம், தாலுகா போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. கைதானவனை முதலில் கொண்டுபோய்ப் போடுவது அங்கேதான். பெரும்பாலான இடங்களில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஷெரீப் என்ற அதிகாரிதான் அதற்குப் பொறுப்பு. நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ மூவாயிரம் சிறைகள் இருக்கின்றன.

1980ல் இந்தச் சிறைகளில் ஒரு நாளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் பேர். 2008ல் அது 7 லட்சத்து 85 ஆயிரமாக வீங்கியது. கொரோனா பரவிய 2020ல், நோய்க்கு அஞ்சிக் கைதுகளைக் குறைத்து, இருந்தவர்களையும் வெளியே அனுப்பியதால் சுமார் 5 லட்சத்து 49 ஆயிரமாக இறங்கியது. 2023ல் மீண்டும் 6 லட்சத்து 64 ஆயிரம். இது ஒரு நாள் கணக்கு மட்டும். 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் அந்த வாசல்களுக்குள் நுழைந்த கணக்கு 76 லட்சம்!

இதில் நெஞ்சைச் சுடும் கணக்கு வேறொன்று. அங்கே இருப்பவர்களில் நூற்றுக்கு 70 பேர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர்கள். வழக்கு முடியவில்லை, தீர்ப்பு வரவில்லை, ஆனாலும் உள்ளே. மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேலாகக் கறுப்பின மக்கள் அடைபட்டுக் கிடக்கிறார்கள்.

ஏன்? பலருக்கு ஒரே காரணம்தான். கட்டப் பணமில்லை. நியூஜெர்ஸி மாநிலச் சிறைகளை 2013ல் ஆராய்ந்தார்கள். அங்கிருந்தவர்களில் நூற்றுக்கு 12 பேர், 2,500 டாலரோ அதற்கும் குறைவாகவோ கட்ட வழியில்லாத ஒரே காரணத்தால் உள்ளே இருந்தார்கள். இதே குற்றச்சாட்டுக்கு ஆளான பணக்காரன் மாலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான்.

வணிகப் பெருமக்களே! இதில் ஒரு வியாபாரமும் நடக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிபதி 10,000 டாலர் ஜாமீன் கேட்கிறார் என்று வையுங்கள். கையில் அவ்வளவு இல்லாதவன், சிறை வாசலுக்கு எதிரே கடை விரித்திருக்கும் ஜாமீன் முகவரிடம் போகிறான். நூற்றுக்குப் பத்து வீதம் 1,000 டாலர் கட்டணம். முகவர் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறார். வழக்கு பொய் என்று தள்ளுபடியானாலும் அந்த 1,000 டாலர் திரும்பி வராது. அது முகவரின் லாபம். உலகத்தில் இந்தத் தொழிலைச் சட்டப்படி பெரிய அளவில் நடத்த விட்டிருக்கும் நாடுகள் இரண்டுதான். ஒன்று அமெரிக்கா, மற்றொன்று பிலிப்பைன்ஸ். சரக்குக் கொடுத்துப் பணம் வாங்குவது வியாபாரம். அடுத்த வீட்டுத் தாயின் கண்ணீரைக் கல்லாவில் போட்டுக்கொள்வதற்கு என்ன பெயர் வைப்பது?

பணம் புரளாதவன் உள்ளேயே கிடக்கிறான். மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி வேலை போகும். வேலை போனால் வீட்டு வாடகை நிற்கும். தாய் உள்ளே இருந்தால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்து அரசு வழக்கறிஞர் வருவார். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் இன்றே விடுதலை என்பார். எத்தனை பேருக்குக் காலிஃபின் நெஞ்சுறுதி இருக்கும்?

இந்த அநியாயத்தை எதிர்த்தவர்களும் அதே நாட்டில்தான் இருக்கிறார்கள். டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியை எடுத்துக் கொள்வோம். செல்லாத ஓட்டுநர் உரிமத்தோடு கார் ஓட்டினார் என்று ஓர் ஏழைத் தாயைப் பிடித்தார்கள். 2,500 டாலர் ஜாமீன். கட்ட முடியாத அந்தப் பெண்மணி சும்மா இருக்கவில்லை. கவுண்டி மீதே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பணமில்லை என்பதற்காகவே சிறுகுற்ற வழக்குகளில் ஏழைகளை அடைத்து வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2017ல் நீதிபதி லீ ரோஸந்தால் தீர்ப்பளித்தார். கவுண்டியின் சிறுகுற்ற நீதிபதிகளில் பெரும்பாலோர் அதை எதிர்த்து மேல்முறையீட்டில் மல்லுக்கு நின்றார்கள்.

இளைஞர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள்! அங்கே நீதிபதிகளையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2018 தேர்தலில் போட்டியிட்ட குடியரசுக் கட்சிச் சிறுகுற்ற நீதிபதிகள் அத்தனை பேரும் தோற்றுப் போனார்கள். புதிதாக வந்தவர்கள் 2019ல் சமரசத் தீர்வுக்குக் கையெழுத்திட்டார்கள். சிறுகுற்றத்தில் பிடிபட்ட பெரும்பாலோர் பணம் கட்டாமலே வீட்டுக்குப் போனார்கள். வெளியே விட்டால் ஊர் கெட்டுவிடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு, நீதிமன்றம் நியமித்த கண்காணிப்பாளரின் அறிக்கைகளே பதில் சொல்லின. திரும்பத் திரும்பக் குற்றம் செய்வோர் கூடவில்லை. ஆனாலும் அந்த வெற்றி முழு வெற்றி இல்லை. பெரிய குற்ற வழக்குகளுக்கு இந்தத் தீர்வு பொருந்தாது. அவர்களால் சிறை மீண்டும் நிரம்பி, கைதிகளைப் பக்கத்து மாநிலமான லூசியானா வரைக்கும் அனுப்பி வைக்கும் நிலை வந்தது.

நியூஜெர்ஸி 2017 ஜனவரி முதல் பண ஜாமீனைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டியது. விசாரணைக்காகக் காத்திருந்த கைதிகள் 2015 முடிவிலிருந்து 2018 முடிவுக்குள் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தார்கள். சிகாகோ நகரின் குக் கவுண்டி சிறையில் ஒரு காலத்தில் பத்தாயிரம் பேர். நீதிமன்ற விதியை மாற்றிய பின் ஏறத்தாழ பாதியானது. 2023 செப்டம்பர் 18 அன்று இல்லினாய் மாநிலம் பண ஜாமீனையே முற்றாக ஒழித்தது. அமெரிக்காவில் இதைச் செய்த முதல் மாநிலம் அதுதான்.

எல்லாம் நல்லபடி போகிறது என்று எண்ணிவிட வேண்டாம். நியூயார்க் 2020ல் கொண்டுவந்த சீர்திருத்தத்தைப் பத்திரிகைக் கூச்சலுக்கு அஞ்சி அந்த ஆண்டே வெட்டிச் சுருக்கியது. ரைக்கர்ஸ் தீவை 2026க்குள் மூடுவதாக மாநகர மன்றம் 2019ல் தீர்மானித்தது; பிறகு அந்தக் கெடு 2027 ஆகஸ்டுக்குத் தள்ளிப் போடப்பட்டது. கைதிகள் எண்ணிக்கையோ 2020ல் 4,000க்கும் கீழே போய், 2025ல் 7,000ஐத் தாண்டி நின்றது. பெருநகரங்களில் குறைந்த காலத்திலேயே சிற்றூர்க் கவுண்டிகளில் சிறைகள் பெருத்தன. அங்கே காலி அறைகளை மத்திய அரசின் கைதிகளுக்கும், குடியேற்றத் துறை பிடித்தவர்களுக்கும் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். லாட்ஜ் நடத்துவது போல! அறை காலியாக இருந்தால் நஷ்டம் என்ற கணக்கு வந்துவிட்டால் யார் சிறையைக் குறைப்பார்? போதாக்குறைக்கு, பணமில்லா ஜாமீனைக் கடைப்பிடிக்கும் இடங்களின் மத்திய நிதியை நிறுத்த வழி பார்க்கும்படி அதிபர் டிரம்ப் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டார்.

இந்தப் போராட்டத்தில் முஸ்லிம்களின் பங்கும் உண்டு. 2018 ரமளானையொட்டி சிகாகோ முஸ்லிம்கள் சிலர் 'பிலீவர்ஸ் பெய்ல் அவுட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜகாத் நிதியைத் திரட்டி, ஜாமீன் கட்ட வழியில்லாத முஸ்லிம்களை மீட்டார்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையில் அடிமைத்தளையிலிருந்து விடுவிப்பதும் ஒன்று. இந்தக் காலத்து அடிமைத்தளை எது என்று கேட்டு, சிறை வாசலில் போய் நின்றார்கள் அந்தச் சகோதர சகோதரிகள். ஜகாத் என்றால் சேலையும் அரிசியும் மட்டும்தான் என்று ஆக்கி வைத்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் இதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளட்டும்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம்.

1961ல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேரா நிறுவனம் ஒரு சோதனை செய்தது. கைதானவனுக்கு அந்த ஊரில் வீடு, வேலை, உறவு உண்டா என்று விசாரித்து, வேர் உள்ளவனைப் பணம் வாங்காமல் விடச் சொல்லி நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். மூன்றாண்டில் சுமார் 3,500 பேர் வெளியே வந்தார்கள். சொன்ன தேதிக்குத் திரும்பி வராதவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1979ல் பீகார் சிறைகளில் பல்லாண்டு வாடிய விசாரணைக் கைதிகளுக்காகத் தொடுக்கப்பட்ட ஹுஸைனாரா காத்தூன் வழக்கில், நமது உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி இந்தச் சோதனையை எடுத்துக்காட்டித்தான், ஏழையைச் சொந்த உறுதிமொழியில் விடலாம் என்று எழுதினார்.

எழுதி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அமெரிக்கக் கவுண்டி சிறைக்கு நூற்றுக்கு 70 என்றால் இங்கே ஏறத்தாழ 76! மக்கள்தொகையில் 14 சதவீதமான முஸ்லிம்கள், விசாரணைக் கைதிகளில் அதைவிடக் கூடிய விகிதத்தில் இருக்கிறார்கள்.

ஊபா போன்ற சட்டங்களில் ஜாமீன் கிடைப்பதே குதிரைக் கொம்பு. அதைத் தனியே எழுத வேண்டும். இன்று பேசுவது ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவனைப் பற்றி. ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் நாடு முழுவதும் சுமார் 5,000 பேர் சிறையில் இருப்பதாக 2023ல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர்களில் பலரைத் தடுப்பது டாலர் இல்லை. இருநபர் ஜாமீன்! வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்து கையெழுத்துப் போட இரண்டு மனிதர்கள்!

கடைவீதியில் சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் சகோதரரே, உங்களை உரிமையோடு கேட்கிறோம். உங்கள் மஹல்லாப் பையன் ஒருவனுக்கு ஜாமீன் போட அவனுடைய வாப்பா உங்கள் கடைப் படியேறியபோது என்ன சொன்னீர்கள்? "பத்திரம் பேங்கில் இருக்கிறது." "மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், கோர்ட்டுப் பக்கம் வந்தால் நன்றாக இருக்காது." இப்படித்தானே? பயம் நியாயமானதே. பையன் ஓடிவிட்டால் எழுதிக் கொடுத்த தொகையை நீங்கள் கட்ட நேரலாம், கட்டாவிட்டால் சிக்கல் உண்டு. ஆனால் அவன் செய்த குற்றத்துக்கு நீங்கள் குற்றவாளி ஆவதில்லை. நம்பிக்கை போனால் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து விலகிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இதைத் தெரியாமலே எத்தனை பேர் ஒதுங்கிக் கொண்டோம்!

ஜமாஅத் நிர்வாகிகளும் இளைஞர்களும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கிளைச்சிறையில் நம் பகுதிப் பிள்ளைகள் யார் யார் இருக்கிறார்கள், எவன் எந்த மதத்தவன் என்று பாராமல், ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, ஜாமீன் உத்தரவு எந்தத் தேதி, எத்தனை பேர் ஜாமீன் தேவை. உத்தரவு வந்து ஏழு நாளாகியும் வெளியே வராதவனைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. தெரிவித்தாரா என்று போய்க் கேளுங்கள். ஏழைக் கைதிக்கு ஜாமீன் தொகையை அரசே தரும் திட்டமும் 2023ல் வந்திருக்கிறது. முதல் முறை வழக்கில் சிக்கியவன், அந்தக் குற்றத்துக்குரிய உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடப்பட வேண்டும் என்று 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஜாமீன் போட முன்வரும் வியாபாரிகளின் பெயரை எழுத இடம் விடுங்கள். மஹல்லாவுக்குப் பத்துப் பெயர் போதும்.