தேறியது எது?

மனநோய்க்கு மருந்து தொடங்கிச் சில மாதங்கள் கடந்ததும் பல வீடுகளில் ஒரு நிம்மதி பிறக்கிறது. "பையனுக்கு உடம்பு தேறிவிட்டது, சாமி" என்று தாய்மார் பூரிப்போடு சொல்வதைக் கேளாத பங்குக் குரு இருக்க மாட்டார். ஒட்டிக் கிடந்த கன்னம் நிரம்பியிருக்கும். பழைய சட்டை வயிற்றில் இறுகியிருக்கும். நோய் நீங்குவதையும் சதை பிடிப்பதையும் ஒரே சொல்லால் குறிப்பது நம் மொழி. பஞ்சத்தைப் பலமுறை கண்ட மக்களின் மொழி வேறெப்படி இருக்கும்? ஆனால், அச்சொல்லின் மறைவில் ஒரு கொடுமை நடந்துகொண்டிருக்கிறது. மனநோயாளியின் மனத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவில், அவருடைய உடலைச் சாகவிடுகிறது இச்சமூகம்.

கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். இதைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது தற்கொலை. அதுவும் உண்டு, ஆயினும், அவர்களுள் பெரும்பாலோரைக் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும் நீரிழிவும் நுரையீரல் நோயுமே. நாம் எல்லாரும் சாகிற அதே நோய்கள்தாம். அவர்களிடம் மட்டும் முந்திக்கொண்டு வருகின்றன. புகைப்பழக்கம், வறுமை, நடமாட்டமின்மை ஆகியவற்றுக்கு இதில் பங்கு உண்டு. மருந்துக்கும் உண்டு. க்ளோசபின், ஒலான்சபின் போன்றவை பசியைத் தூண்டுகின்றன; உண்டதை உடல் பயன்கொள்கிற வளர்சிதை மாற்றத்தைக் குலைக்கின்றன; இன்சுலினுக்கு உடல் பணியாமல் போகிறது. இது எவருக்கும் தெரியாத மறைபொருள் அன்று. இவ்வகைப் புதிய மருந்துகளின் குறிப்புத்தாளில் நீரிழிவு பற்றிய எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2003ஆம் ஆண்டிலேயே கூறியது. மறு ஆண்டு அந்நாட்டின் நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் கூடி வழிமுறை வகுத்தன. மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 4, 8, 12ஆம் வாரங்களில் எடையையும், 12ஆம் வாரத்தில் சர்க்கரையையும் மீண்டும் பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் ஊர்களில் மனநல மருத்துவரின் அறையில் இடுப்பைச் சுற்றி நாடா பிடிக்கப்பட்ட நோயாளிகள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டாரையே கேட்டுப் பாருங்கள்.

"அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமே" என்று முந்துகிறவருக்கு ஒரு சொல். பின்லாந்தில் 66,881 மனச்சிதைவு நோயாளிகளை 11 ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெடுநாள் மருந்து உட்கொண்டவர்களைவிட, மருந்தே உட்கொள்ளாதவர்களிடையேதான் இறப்பு மிகுதி. எடையை வெகுவாகக் கூட்டுகிற க்ளோசபினை உட்கொண்டவர்களிடையே இறப்பு மிகக் குறைவு! எனவே மருந்தும் வேண்டும், நாடாவும் வேண்டும்.

இந்த உறவு ஒருவழிப் பாதையும் அன்று. நீண்ட துயரமே நீரிழிவைத் தருகிறது என்று 17ஆம் நூற்றாண்டில் எழுதினார் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ். காரணம் அவர் எண்ணிய அளவுக்கு எளிதன்று. ஆனால், அவர் கண்ணில் பட்டது பொய்யுமன்று. மனச்சோர்வு உள்ளவர்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் கணக்கிட்டார்கள். சோர்ந்தவருக்குத் தூக்கம் கெடுகிறது; கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுந்து சர்க்கரையை உயர்த்தக்கூடும்; நடக்கக் கால் எழுவதில்லை. நீரிழிவாளரிடையே மனச்சோர்வும் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மாத்திரையை மறப்பவரும் ஊசியைத் தள்ளிப்போடுபவரும் பல நேரங்களில் இவர்களே. "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று உறவினர் ஏசுகின்றனர். வாயைக் கட்டுவதற்கு முதலில் வாழ விருப்பம் வேண்டுமே! தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரலாயின. நல்ல ஏற்பாடு. கடந்த இரு வாரங்களாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா என்னும் இரண்டு கேள்விகளையும் அந்த மாத்திரைப் பையோடு அனுப்புவதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

நம் பீடங்களிலிருந்தே இன்னொரு குரலும் ஒலிக்கிறது: மனச்சோர்வு விசுவாசக் குறைவாம்; செபித்தால் போதுமாம். இவர்கள் எந்த இறையியலைப் படித்தார்கள்? ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் வாடகைக்காரர் அன்று, உடலை உடலாக ஆக்குவதே அது என்று கற்பித்தவர் புனித தாமஸ் அக்குவினாஸ். துயரத்தைத் தணிப்பவை எவை என்று தம் இறையியல் தொகுப்பில் ஆராய்கையில், உண்மையைத் தியானிப்பதையும் நண்பரின் பரிவையும் சொல்லிவிட்டு, உறக்கத்தையும் குளியலையும் அதே வரிசையில் வைத்தார் அவர். இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று மன்றாடினாரே, அப்போது வந்த தூதர் மறையுரை ஆற்றவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்தார், மீண்டும் உறங்கவிட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். ஓரேபு மலைக்குப் பயணம் அதற்குப் பிறகுதான்.

"மனநோயாளிகள் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு ஏது உணவுக் கட்டுப்பாடு?" என்பது படித்தவர்களின் சாக்கு. அமெரிக்காவின் மேரிலாந்தில் கடும் மனநோய் உள்ள 291 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. உணவிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டப்பட்டவர்கள், 18 மாத முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ கூடுதலாக எடை குறைந்தார்கள். மனநோய் மருந்தால் ஏறிய எடையை மெட்ஃபார்மின் குறைக்கிறது என்று 2008இல் சீன மருத்துவர்கள் காட்டினார்கள். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மலிவான சர்க்கரை மாத்திரை அது. மருத்துவரைக் கேட்டே தர வேண்டும் என்பது உண்மை, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மனநோய் முழுவதும் உணவால் வந்தது, உணவாலேயே போகும் என்று புதிதாகக் கிளம்பியிருப்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. கொழுப்பு மிகுந்த, மாவு குறைந்த கீட்டோ உணவு 1921 முதல் வலிப்பு நோய்க்குப் பயன்பட்டு வருவது மெய். மனநோய்க்கு அது உதவுமா என்று இப்போது ஆராய்கிறார்கள்; ஆராயட்டும். 1933இல் வியன்னாவில் மான்ஃபிரட் சாகெல், இன்சுலினால் நோயாளிகளை ஆழ்ந்த மயக்கத்திற்குத் தள்ளி மனச்சிதைவைக் குணமாக்கலாம் என்றார். உலகெங்கும் கால் நூற்றாண்டு அம்முறை கையாளப்பட்டது; உயிர்களும் போயின. அந்தப் பலனில் இன்சுலினுக்குத் தனிப் பங்கு எதுவும் இல்லை என்பது 1957இல்தான் தெளிவாயிற்று.

இறுதியாக, நம் துறவற சபையினர் நடத்தும் மனநலக் காப்பகங்கள். வேறெவரும் ஏற்காதவர்களை ஏற்று, குளிப்பாட்டி, உணவூட்டும் அருட்சகோதரிகளைக் குறைகூற எனக்கு வாயில்லை. கொடையாளர்களிடம்தான் வழக்கு. பிறந்தநாளா, திருமண நாளா, முதல் நன்மையா, நினைவு நாளா, உடனே காப்பகத்தில் ஒரு விருந்து: பிரியாணி, கேக், பாயசம், குளிர்பானம். கொடுப்பவருக்கு ஆண்டில் ஒரு நாள். உண்பவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள். அந்தப் பந்தியில் அமர்ந்திருப்பவர்களுள் பலர் ஒலான்சபின் தூண்டிய அடங்காப் பசியோடு அமர்ந்திருக்கிறார்கள். பலருடைய சர்க்கரை எவ்வளவு என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அடுத்த முறை ஒருவர் வந்து, "எந்த நாள் காலியாக இருக்கிறது, சிஸ்டர்?" என்று கேட்டால், சிஸ்டர் தயங்காமல் ஒரு தாளை நீட்டட்டும்: சர்க்கரைப் பரிசோதனைக் கருவி ஒன்று, அதற்குரிய பட்டைகள் ஐந்து பெட்டி, எடைக்கருவி ஒன்று, அளவு நாடா இரண்டு, மாலையில் நடப்பதற்கு அறுபது சோடிச் செருப்பு.