காப்பவரைக் காப்பவர் யார்?

சென்ற கல்வியாண்டில் எம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரத்தில் மூன்று நாள் பிற்பகல் வகுப்புகளுக்கு வருவதில்லை. வருகைப் பதிவு குறைவதைக் கண்டு நாம் அவளைக் கடிந்துகொண்டோம். பெற்றோரை அழைத்து வருமாறும் பணித்தோம். பெற்றோர் வரவில்லை, அவளே வந்து நின்றாள். "நன்னியை விட்டுவிட்டு அம்மா வர இயலாது ஐயா. அம்மா தையல் வேலைக்குப் போகும் நாள்களில் நான்தான் உடனிருக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் நன்னி, 'என்னை என் வீட்டுக்கு அனுப்பு' என்று கதவைத் தட்டுவார்கள். அவர்கள் இருப்பதே அவர்கள் வீடுதான்" என்றாள். நாம் நாணித் தலைகுனிந்தோம்.

முதுமை மறதிநோய் என்று நாம் வழங்கும் பெயர் இந்நோயின் பாதியைக்கூடச் சொல்வதில்லை. மறதி அதன் வாயில் மட்டுமே. காலமும் இடமும் குழம்புதல், சொல் தடுமாறுதல், பழகிய முகம் அயலாதல், உண்ணவும் உடுக்கவும் பிறர் கையை நாடுதல் என அது படிப்படியாக விரியும். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதை 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். ஆயினும் 'வயதானால் அப்படித்தான்' என்று நம் ஊர்களில் இன்றும் ஒதுக்கிவிடுகிறோம். ஈழத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். ஜப்பானியர் இழிவுப் பொருள் தந்த தம் பழைய சொல்லை 2004இல் மாற்றிக்கொண்டனர். தமிழ்த்துறையினராகிய நாம் இப்பணியில் பின்தங்கியே இருக்கிறோம்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நிலையில் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. ஆடவரினும் பெண்டிரிடத்தும், நகரினும் சிற்றூரிடத்தும் இது மிகுதி என்பதும் அதன் முடிவு. இத்தனை பேருக்கும் பின்னால் துணையாக நிற்போர் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்பார் இலர்.

அத்துணையாளரின் நாளை நன்கு உணர்ந்தே நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்னும் இருவர் 1981இல் எழுதிய கையேட்டுக்கு 'முப்பத்தாறு மணி நேர நாள்' எனப் பெயரிட்டனர். கேட்ட கேள்வியையே நாற்பது முறை கேட்கும் முதியவருக்கு நாற்பதாம் முறையும் முதன்முறை போல் விடை சொல்வது எளிதன்று. அதனினும் கொடியது பழி. தாமே எங்கோ ஒளித்துவைத்த வளையலைக் காணாது, 'மருமகள் திருடிவிட்டாள்' என்று தெருவறியச் சொல்வார்கள். அது நோயின் சொல்லே ஆயினும் அதைக் கேட்பவள் மனிதப் பிறவிதானே! வெளிநாட்டிலிருந்து மகன் இரண்டு வாரம் வந்திருப்பான். வந்தவன் முன் தாய் தெளிவாகவே பேசுவாள். புதியவர் முன் சிறிது நேரம் தேறி நிற்பது இந்நோயாளர் பலரிடம் காணும் இயல்பு. 'அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்கள்? நீங்கள்தாம் மிகைப்படுத்துகிறீர்கள்' என்று சொல்லி அவன் விமானம் ஏறிவிடுவான். அன்றிரவும் விழித்திருப்பவள் வேறொருத்தி.

முதியோர் இல்லம் மேனாட்டு வழக்கம். நம்முடையதோ குடும்ப அமைப்பு என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேசுவோருள் பெரும்பாலோர் ஆடவர் என்பதையும் இங்கே குறித்தல் தகும். குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்றால், அக்குடும்பத்தில் ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள் என்பதே பெரும்பாலும் பொருள். அவள் மனைவியாகவோ மருமகளாகவோ, கல்வியை இழக்கும் பேத்தியாகவோ இருப்பாள்.

சட்டமும் அவளை நோக்கவில்லை. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கைவிடுவோருக்குத் தண்டனை விதிக்கிறது. கைவிடாது காப்பவளுக்கு ஓய்வு தருவது பற்றி அது பேசவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பார்க்கின்சன் நோய்க்கு இடம் உண்டு. இந்நோயின் பெயர் இல்லை. அண்டை மாநிலமாகிய கேரளம் 'ஆசுவாசகிரணம்' என்னும் திட்டத்தின் வழியே, படுக்கையில் கிடப்போரைப் பேணுவோர்க்கு மாதம் 600 ரூபாய் என வகுத்தது. தொகை சிறிது, காலத்தே கைக்கு வருவதில்லை என்ற குறையும் உண்டு. எனினும் பேணுதலும் ஒரு தொழிலே என ஓர் அரசு ஒப்புக்கொண்டதை நாம் சிறிதாக எண்ணவில்லை. இந்நோய்க்கென 1992இல் நாட்டளாவிய சங்கம் தோன்றியதும் அம்மாநிலத்திலேதான். சென்னையில் ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள் குடும்பத்தாருக்கும் வழிகாட்டி வருகின்றன. ஆனால் சென்னைக்கு வரவியலாதவளே நாம் பேசும் பெண்.

தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியே இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்து வீடு தேடி வருகிறது. அவ்விரண்டுமே இந்நோய்க்கு வழிகோலுவன. மாத்திரை தருபவர் வாயிலில் நின்று, 'முதியவரைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் உறங்குகிறீர்களா, அம்மா?' என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? தைராய்டுக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியன மறதியை ஒத்துத் தோன்றி மருத்துவத்தால் தேறுவதும் உண்டு. ஆதலின் 'வயதுதான்' என வீட்டிலேயே முடிவு கட்டாது மருத்துவரிடம் காட்டுமாறு அவர்களே சொல்லலாம்.

அரசுக்கு அறிவுரை கூறிவிட்டு நாம் ஒதுங்குதல் முறையன்று. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். மரம் நடுதலும் தெருக் கூட்டுதலும் நற்பணிகளே. நட்ட மரத்துக்கு மறுநாள் நீர் ஊற்றினார் யார் என்பதை நாம் இங்கே கேட்கவில்லை. அம்மணிகளுள் சிலவற்றை, கல்லூரியை அடுத்த தெருக்களில் இத்தகைய முதியவருடன் அமர்ந்து பேசுதற்கு ஒதுக்கலாம். பயிற்சியின்றி எவரையும் அனுப்பலாகாது. குடும்பம் ஒப்பிய பிறகே, இருவர் இருவராக, எப்போதும் அதே இருவராகச் செல்ல வேண்டும். முகம் மாறினால் முதியவர் கலங்குவர். வாரம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒரு தாய் குளித்து, உண்டு, கடைவீதிக்குச் சென்று மீள முடியும்.

மற்றொன்று. விளையாட்டு வீரர்க்கு வருகைப் பதிவில் சலுகை தருகிறோம். வீட்டில் நோயாளரைப் பேணும் மாணவிக்கு அது ஏன் இல்லை? மேற்சொன்ன மாணவி தேர்வெழுத, வருகைக் குறைவுக்கான கட்டணத்தைத் தாயின் தையற்கூலியிலிருந்து செலுத்தினாள். அதற்குரிய படிவத்தில் கையொப்பம் இட்டவர்கள் நாமே.

இப்போது அவள் மூன்றாம் ஆண்டில் பயில்கிறாள். பிற்பகல் பாடங்களுள் இரண்டையேனும் காலைக்கு மாற்றித் தர இயலுமா என்று கேட்டிருக்கிறாள். கால அட்டவணையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.