நோட்டுப் புத்தகம் திருடனைப் பிடிக்காது

உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். வருகிறவர் பெயர், நேரம், எந்த வீடு என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார் வாட்ச்மேன். சில குறும்பர்கள் சினிமா நடிகர் பெயரை எழுதிவிட்டுப் போவதும் உண்டு. யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த நோட்டை யாராவது படிக்கிறார்கள் என்றால், திருட்டுப் போன மறுநாள்தான்.

உலகத்தின் பெரிய கம்பெனிகள் பல, உங்கள் அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிற லட்சணமும் இதுதான்.

'க்ளவுட்' என்கிறார்களே, அது ஆகாயத்தில் இல்லை. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்கள் பிரம்மாண்டமான கட்டடங்களில் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். உங்கள் பாங்க், ஆஸ்பத்திரி, சர்க்கார் இலாகா எல்லாம் அங்கே குடித்தனம் இருக்கலாம். ஏற்பாடு செய்து வைத்தால், அங்கே யார் எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு வரி பதிவாகிவிடும். இதற்கு 'லாக்' என்று பெயர். பெரிய இடமென்றால் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான வரிகள். எழுதுவதற்கு மெஷின் இருக்கிறது. படிப்பதற்கு?

அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் பாங்க் அமேசானின் க்ளவுடில் குடியிருந்தது. 2019 மார்ச் 22, 23 தேதிகளில் ஒருவர் உள்ளே புகுந்தார். காவலுக்கு வைத்த ஃபயர்வாலைச் சரியாக அமைக்காததால், அதன் வழியாகவே! கிரெடிட் கார்டு கேட்டு மனுப்போட்ட அமெரிக்கர்கள் சுமார் 10 கோடி, கனடாக்காரர்கள் 60 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார். பாங்க்குக்கு எப்போது தெரிந்தது? ஜூலை 17. சம்பந்தமே இல்லாத ஒரு வெளியாள், உங்கள் சரக்கு இன்டர்நெட்டில் கிடக்கிறது போலிருக்கிறதே என்று மெயில் தட்டிய பிறகு. அப்புறம்தான் லாகைப் புரட்டினார்கள். என்றைக்கு வந்தார், என்ன கட்டளை கொடுத்தார் என்று புட்டுப்புட்டு வைத்திருந்தது. கிட்டத்தட்ட நாலு மாசமாக, படிக்க ஆளில்லாமல்.

2020 ஆகஸ்டில் அமெரிக்க பாங்க் கண்காணிப்பு அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் போட்டது. அது சொன்ன காரணங்களில் ஒன்று, வந்த எச்சரிக்கைகளை உரியபடி கவனித்துத் தீர்க்கவில்லை என்பது.

'சார், நாள் முழுக்க அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு. எதைன்னு பார்க்கிறது?' என்பார்கள். வாஸ்தவம்தான். பூனை தாண்டினாலும் அலறுகிற அலாரத்தை மூன்றாம் நாள் பிடுங்கிப் போடுவது மனித சுபாவம். ஆனால் எதற்கு அலற வேண்டும் என்று யோசித்துச் சொல்லிக் கொடுப்பதுதானே பாதுகாப்பு அதிகாரியின் வேலை? ஃபயர்வால் என்பது காவல்காரன். அந்தக் காவல்காரனின் அனுமதிச் சீட்டோடு ஒருத்தன் வந்து, முகவரியை மறைத்துக்கொண்டு, 700-க்கும் மேற்பட்ட பெட்டிகளின் பட்டியலைக் கேட்கிறான். இதற்கு அலறாவிட்டால் வேறு எதற்கு அலறும்? அந்த நிமிஷமே சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அப்புறம் ஆளை எழுப்பி விசாரிக்கும்படி மெஷினுக்கே சொல்லி வைக்கலாம்.

முடியும் என்பதற்கு அத்தாட்சி உண்டு. 2023 மே மாத நடுவிலிருந்து, சீனாவைச் சேர்ந்தவர்கள் என்று கருதப்படும் ஹேக்கர்கள் மைக்ரோசாஃப்ட் க்ளவுடில் இருந்த மெயில்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 22 நிறுவனங்கள், 500-க்கும் மேற்பட்ட ஆட்கள். அமெரிக்க வர்த்தக மந்திரியாக அப்போதிருந்த ஜினா ரைமாண்டோவின் மெயில் உட்பட. கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் அல்ல, குடித்தனக்காரர்! அமெரிக்க வெளியுறவுத் துறையில், வழக்கத்துக்கு மாறாக மெயில் திறக்கப்பட்டால் சொல்லும்படி சொந்தமாக ஒரு அலாரம் எழுதி வைத்திருந்தார்கள். ஜூன் 15 அன்று சந்தேகம் தட்டியது. மறுநாளே மைக்ரோசாஃப்ட்டைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல். இந்தத் திருட்டைக் காட்டிக்கொடுத்த லாக், கூடுதல் பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. வெளியுறவுத் துறை கட்டியிருந்தது. கட்டாதவர்களுக்குத் தங்கள் மெயிலைத் திருடன் படிப்பது தெரிய வழியே இல்லை. வாட்ச்மேன் வாடகையில் அடக்கம், அவர் கண்ணாடிக்குத் தனி பில்! ஊர் சிரித்த பிறகு 2023 ஜூலையில், அந்த லாக்குகளை மேல்காசு இல்லாமல் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமெரிக்க அரசு அமைத்த ஆய்வுக் குழுவோ 2024-ல், இது தடுத்திருக்கக்கூடிய திருட்டு என்றே சொல்லிவிட்டது.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். நல்ல உத்தரவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'தெரிந்த' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். தெரியவே நாலு மாசம் ஆனால்? 6 மணி நேரக் கெடு அன்றைக்குத்தான் ஆரம்பம். பார்க்காதவனுக்குக் கெடுவே கிடையாது!

வைத்திரு என்றால் போதாது. பார் என்று சொல்ல வேண்டும். கோடிப் பேர் விவரம் வைத்திருக்கிறவர்கள், கண்காணிக்க 24 மணி நேரமும் ஆள் உண்டா, அலாரம் அடித்ததிலிருந்து கதவைச் சாத்த எத்தனை நிமிஷம் என்று வருஷா வருஷம் பகிரங்கமாகச் சொல்லட்டும். வீட்டுக்காரர்களான க்ளவுட் கம்பெனிகள், குடித்தனக்காரரின் கதவை யார் திறந்தார் என்று சொல்வதற்குக் காசு கேட்பதைச் சட்டம் போட்டு நிறுத்தட்டும். 'செலவாகுமே' என்பார்கள். ஆகட்டும். திருட்டுப் போவது அவர்கள் சொத்தல்ல, நம்முடையது.

'உங்கள் பாதுகாப்பே எங்கள் லட்சியம்' என்று உங்கள் பாங்க்கிலிருந்து அடுத்த முறை மெயில் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டு பதில் போடுங்கள்: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 2 மணிக்கு யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.