கேஸ் கீசர் தானா அணைஞ்சுடுதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் படிங்க

1.
மார்கழி வந்தால் உத்திரமேரூர், திருப்புலிவனம் பக்கம் விடியற்காலையில் நல்லா குளிரும். தலைக்குக் குளிக்க வெந்நீர் வேணும். முன்ன தோட்டத்துல அண்டா வச்சு விறகு எரிச்சோம். இப்போ புது வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர். "கரண்ட் பில் மிச்சம், உடனே சூடு" என்று சொல்லி மாட்டிக் கொடுக்கிறார்கள்.

அது பாத்ரூமுக்குள் இருக்கவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்றேன்.

2.
அடிக்கடி வரும் புகார் இது: "பத்து நிமிஷம் ஓடினா தானா அணைஞ்சுடுது." உடனே அதைப் பழுதுன்னு முடிவு பண்ணிடுறோம். சென்சாரைக் கழட்டிட்டு நேர் இணைப்பு கொடுக்கச் சொல்றோம். தயவுசெய்து அதை மட்டும் பண்ணாதீங்க.

கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் உறைந்த ஏரி மேல் சின்னக் குடில் போட்டு, உள்ளே புரொப்பேன் ஹீட்டர் வைத்து மீன் பிடிப்பார்கள். அங்கேயும் இதே புகார்தான். அந்த ஹீட்டர்கள் பலவற்றில், காற்றில் ஆக்சிஜன் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கினால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு இருக்கு. (சாதாரணக் காற்றில் 21 சதவீதம்.) ஹீட்டர் ஒழுங்காத்தான் வேலை செய்யுது, குடிலுக்குள்ள காற்று தீர்ந்து போச்சுன்னு அர்த்தம்.

3.
கணக்கு போட்டுப் பாருங்க. 5 அடிக்கு 6 அடி, 8 அடி உயரம் உள்ள பாத்ரூமில் இருப்பது சுமார் 7 கன மீட்டர் காற்று. நம்ம எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரு கிலோ முழுசா எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேணும். நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணி சூடாக்கும் கீசர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் எரிக்கும். அப்படின்னா கால் மணி நேரத்தில் 3 கன மீட்டர். அதாவது, கதவு ஜன்னலை அடைத்த பாத்ரூமில் இருக்கும் காற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதே காற்றைத்தான் நீங்களும் சுவாசிக்கிறீங்க.

4.
காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சல் இல்லை.

"கேஸ் லீக் ஆனா நாறுமே டாக்டர்?" சிலிண்டரில் இருக்கும் கேஸ் நாறும். அதுக்குன்னே மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். எரிந்து முடிந்து வரும் விஷத்துக்கு அந்த நாற்றம் கிடையாது. நாறலைன்னா பத்திரம்னு நினைக்காதீங்க.

5.
உடம்புக்குள் என்ன செய்யுது? ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிச்சுக்கும். பஸ்ஸில் எல்லா சீட்டிலும் துண்டு போட்டு வைத்த மாதிரி. ஆக்சிஜனுக்கு இடமில்லை.

முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. அப்புறம் கால் துவளும். கதவு ரெண்டடி தூரத்தில் இருந்தாலும் தாழ்ப்பாளைத் திறக்கத் தெம்பு இருக்காது. சிலருக்கு வலிப்பு வரும். குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளின் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

6.
இதில் என்னை உறுத்துவது, பல நேரம் இது வெளியே தெரியாமலே போய்விடும் என்பதுதான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்", "ஹார்ட் அட்டாக்", "காத்து கருப்பு அடிச்சிருச்சு". வயதானவர் என்றால் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று குடும்பமே சொல்லும். மறுநாள் அதே பாத்ரூமில் அடுத்த ஆள் குளிக்கப் போவார்.

கொரோனா காலத்தில் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் இதில் ஏமாத்தும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணும். மயங்கிக் கிடப்பவரின் விரலில் மாட்டினால் 98 காட்டும். சரியாக அளக்கும் கருவி பெரும்பாலான சின்ன ஆஸ்பத்திரிகளில் கிடையாது. அதனால "கேஸ் கீசர் ஓடிட்டிருந்துச்சு" என்று நீங்க சொல்ற ஒரு வரிதான் டாக்டருக்குப் பெரிய க்ளூ.

7.
2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலைப்பகுதிக்குச் சுற்றுலா போன கேரளத்தவர் 8 பேர், ஒரே அறையில் கேஸ் ஹீட்டர் வைத்துத் தூங்கினார்கள். கதவு, ஜன்னல் அடைத்திருந்தது. காலையில் எட்டுப் பேரும் எழவில்லை. அதில் 4 பேர் குழந்தைகள். விடுதி அறை, சூடாக்க ஒரு அடுப்பு, நல்லா மூடிய கதவு. எல்லாமே வசதிக்காகச் செய்ததுதான்.

ஊட்டி, கொடைக்கானல் போறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். பார்பிக்யூ கரியில் தீ அணைஞ்ச மாதிரி இருந்தாலும் கனல் இருக்கும்வரை விஷம் வரும். அறைக்குள் கொண்டு போகாதீங்க.

நம்ம ஊரிலும் பிள்ளை பெற்ற வீட்டில் கதவைச் சாத்திட்டு, கரி நெருப்பில் சாம்பிராணி போட்டு, தாயையும் சிசுவையும் உள்ளேயே படுக்க வைக்கிறோம். பாட்டி கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, கரிச்சட்டியை வெளியே வைங்க.

8.
சரி, கீசர் அணையுது. எப்படிக் கண்டுபிடிப்பது?

யாரும் உள்ளே குளிக்காதப்போ, கதவு ஜன்னலை அகலத் திறந்து வைத்துட்டு ஓட விடுங்க. நீங்க வெளியே நில்லுங்க. அப்போ ஒழுங்கா எரிஞ்சு, மூடினா மட்டும் அணையுதுன்னா, கோளாறு பெரும்பாலும் அறையில்தான். திறந்திருந்தும் அணைஞ்சா சிலிண்டர் காலியா, பேட்டரி தீர்ந்ததா, பர்னரில் கரி அடைச்சிருக்கான்னு மெக்கானிக் பார்க்கட்டும். சில மாடல்களில் டைமரே அணைக்கும், அதுவும் உங்க நல்லதுக்குத்தான்.

நீலமா எரிய வேண்டிய தீ மஞ்சளா எரிஞ்சாலோ, சுவரில் கரி படிஞ்சாலோ, அன்னிக்கே நிறுத்துங்க.

9.
"மேல வென்டிலேட்டர் இருக்கே?" குளிர் காலத்தில் அதில் அட்டை வைத்து அடைப்பதும் நாமதான். மனுஷன் கைவைத்து மூடக்கூடிய ஒரு ஓட்டையை நம்பி உயிரை விட முடியாது.

கீசரை பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாய் வழியா தண்ணியை மட்டும் உள்ளே கொண்டு வாங்க. ஆகும் செலவு சில அடி பைப்தான். முடியலைன்னா அடுப்படியில் ஜன்னலைத் திறந்து வெந்நீர் போட்டு வாளியில் எடுத்துட்டுப் போங்க. வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களே, இது உங்க பொறுப்பு. மாட்டிக் கொடுக்கும் பிளம்பர் தம்பிகளே, "உள்ளே மாட்ட மாட்டேன்" என்று சொல்லுங்க. சட்டமும் ஆய்வும் வரும்வரை உங்க வாய்தான் இங்கே சட்டம்.

10.
யாராவது உள்ளே மயங்கிட்டா: கதவைத் திறங்க, உடைக்கணும்னாலும் உடைங்க. மூச்சை அடக்கிட்டுப் போய் வெளியே இழுத்துட்டு வாங்க. கேஸை மூடுங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்க. வலிப்பு வந்தா கையில் சாவி கொடுப்பது, வாயில் தண்ணி ஊத்துவது வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைங்க.

மருந்து ஆக்சிஜன்தான். சாதாரணக் காற்றில் இந்த விஷம் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும். தெளிஞ்சுட்டாரேன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. சிலருக்கு ஞாபக மறதி, நடையில் தடுமாற்றம் எல்லாம் சில வாரம் கழிச்சும் வரும்.

11.
தானா அணையும் கீசர் உங்களை எச்சரிக்குது. அதை ரிப்பேர் பண்ணி வாயடைக்காதீங்க.

இன்னிக்கு உங்க வீட்டு கீசர் எங்கே மாட்டியிருக்குன்னு ஒரு தடவை பாருங்க. வாடகை வீட்டில் இருக்கும் மகன், மகளுக்கும் போன் போட்டுக் கேளுங்க.